கிருஷ்ணகிரி வெயிலுக்குப் பழகியவர் லங்காவிப் புழுக்கத்தில் முழு தூர ட்ரையத்லான் முடிக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 41. வீடு கிருஷ்ணகிரி, வேலை ஓசூரில் ஷிப்ட். பாதி தூர ட்ரையத்லான் ஒன்றை முடித்துவிட்டீர்கள். அடுத்து நவம்பரில் மலேசியத் தீவான லங்காவியில் முழு தூரம்: 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அங்கே வெயில், புழுக்கம், மழை மூன்றும் ஒரே நாளில் வரும் என்று கேள்விப்பட்டு, "நம்ம ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு தாங்காதா?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம்ம ஊர் வெயிலும் அந்த ஊர் வெயிலும் ஒன்றா என்பது முதலாவது. வானிலை மோசமானால் எந்த இடத்தில் எவ்வளவு நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு கட்-ஆஃப் எனப்படும் கடைசி நேர வரம்புக்குள் வந்து சேர்வது என்பது இரண்டாவது. முடிப்பதை மட்டும் இலக்காக வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

முதல் கேள்விக்குப் பதில்: ஒன்று இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் அடிப்பது காய்ந்த வெயில். 38 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் சூடு, ஏறக்குறைய 23 டிகிரி. கடலோரத்தில் 31 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அது 28 டிகிரிக்குப் போய்விடும். தெர்மாமீட்டரைப் பார்த்தால் லங்காவி குளிர்ச்சி, உடம்பைக் கேட்டால் கொதிப்பு. காரணம் எளிது. சைக்கிளில் 150 வாட் மிதிக்கும்போது உடம்பு கூடவே 550 வாட் அளவுக்குச் சூட்டை உண்டாக்குகிறது. அந்தச் சூடு வெளியேற மணிக்குச் சுமார் 800 மில்லி வியர்வை தோலின் மேல் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வை ஒரு துளிச் சூட்டையும் எடுத்துப் போகாது. நம்ம ஊர்க் காற்றில் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்து, சட்டையில் உப்புக் கோடு மட்டும் நிற்கும். புழுக்கமான ஊரில் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கும். 2019 தோஹா உலக தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். சூரியனே இல்லை. ஆனாலும் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அவர்கள் உலகின் முதல்தர ஓட்டக்காரர்கள். ஆகவே "வெயில் பழக்கம்" என்ற தைரியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெப்பப் பழக்கம் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. தினமும் 60 முதல் 90 நிமிடம் சூட்டில் பயிற்சி செய்தால் முதல் 5 நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். 10 முதல் 14 நாளில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அளவு கூடும், அதில் உப்பு குறையும். விட்டுவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பகுதி கரைந்துபோகும். இவ்வளவும் உறுதியாகத் தெரிந்த விஷயங்கள். அதாவது மே மாத வெயிலில் ஓடியது நவம்பருக்கு உதவாது. அக்டோபரில் கிருஷ்ணகிரியே குளிர்ந்துவிடும். ஓசூர் அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம், இன்னும் இரண்டு டிகிரி குறைவு. ஷிப்ட் முடிந்து மாலையில் அங்கேயே ஓடி முடித்துவிட்டு வந்தால் வெப்பப் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனவே போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் வீட்டுக்குள்ளேயே புழுக்கத்தை உண்டாக்க வேண்டும். சின்ன அறை, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், ஃபேன் ஓடக்கூடாது. ஈரத்துணிகளைக் கொடி கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கெட் வெந்நீரையும் வையுங்கள். சைக்கிளை ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி, பேச்சு தடைபடாத மெதுவான வேகத்தில் 60 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வாரம். கடைசிக் கடினமான அமர்வுக்கும் போட்டிக்கும் நடுவே நான்கு நாளாவது இருக்கட்டும். இதற்கு நேரம் கிடைக்காத நாளில், ஓட்டம் முடிந்த கையோடு 40 டிகிரி வெந்நீரில் கழுத்தளவு 30 நிமிடம் உட்காருவதும் பலன் தரும். பாத் டப் வேண்டியதில்லை, ஆள் உட்காரும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும். கையை விட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். இரண்டிலும் வீட்டில் ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு சரி. வெந்நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவீர்கள், தொட்டி விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. பெரும்பாலான முழு தூரப் போட்டிகளில் நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், சைக்கிள் முடிய தொடக்கத்திலிருந்து 10 மணி 30 நிமிடம், மொத்தம் 17 மணி நேரம் தருகிறார்கள். உங்கள் போட்டிக் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவதுண்டு. நீங்கள் கொடுத்த பாதி தூர நேரத்தை வைத்துப் பார்த்தால் நீச்சல் 1:50, முதல் மாற்றம் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு உடை மாற்றித் தயாராவது) 15 நிமிடம், சைக்கிள் 7:45, இரண்டாவது மாற்றம் (சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு) 15 நிமிடம் என்பது எட்டக்கூடியது. மொத்தம் 10:05. மிச்சம் 6 மணி 55 நிமிடம். இந்த மிச்சத்தில்தான் உங்கள் போட்டியே இருக்கிறது. 42.2 கிலோமீட்டர் முழுவதையும் நடந்தாலும், கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 15 விநாடி என்று வீசி நடந்தால் ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிடும், 25 நிமிடம் கையிருப்பும் இருக்கும். அதே நடை 10 நிமிடமாகத் தொய்ந்தால் 7 மணி 2 நிமிடம், கோட்டுக்கு வெளியே நிற்பீர்கள். முக்கால் நிமிட வித்தியாசம்தான். அதனால் வேகநடையைத் தனிப் பயிற்சியாகச் செய்யுங்கள்: வாரத்தில் ஒருநாள், நீண்ட சைக்கிள் முடிந்ததும் இறங்கி ஒரு மணி நேரம், கிலோமீட்டருக்கு 9 நிமிடத்தில். ஓடத் தெரிந்தவர்கள் இதைக் கேவலமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். வயிறு கெட்டுப்போன உடம்பு கிலோமீட்டருக்கு 12 நிமிடம் தள்ளாடும். அந்த நிலைக்குப் போகாமல் காப்பாற்றுவதுதான் சைக்கிளில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

நீச்சலை முதலில் முடித்துவிடலாம். அங்கே கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், வெட்சூட் (உடம்போடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) கிடையாது. வெட்சூட் தரும் மிதப்பும் கிடையாது. நம்ம பக்கம் எல்லோரும் கிணற்றில்தான் நீச்சல் கற்றிருப்போம். பயம் போக அது நல்ல பள்ளி, ஆனால் பத்துப் பன்னிரண்டு மீட்டரில் சுவர் வந்துவிடும், தொடர்ச்சியான தாளம் அமையாது. வாரம் இரண்டு முறை 25 அல்லது 50 மீட்டர் குளம் வேண்டும், ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே. கிருஷ்ணகிரி அணையில் தனியாக இறங்காதீர்கள், கீழே சேறும் சட்டென்று ஆழமாகும் இடங்களும், மேலே காப்பாற்ற ஆளில்லாமையும் சேர்ந்தது அது. ஒகேனக்கலை நினைக்கவே வேண்டாம், பாறை இடுக்குச் சுழல் போதாதென்று ஆற்றில் முதலையும் இருக்கிறது. கடல் அனுபவத்துக்குத் திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரி போகலாம், ஆனால் பயிற்சி பெற்ற குழுவோடு, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு மட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள், பிறகு வங்கக் கடல் ஏற்காது. அலை இருக்கும் நாளில் இருபக்கமும் மூச்செடுக்கத் தெரிந்தவர் தப்பிப்பார். அலை வரும் பக்கம் வாய் திறந்தால் உப்புநீர் வயிற்றுக்குள் போகும், அதன் குமட்டல் சைக்கிளில் இரண்டு மணி நேரம் தொடரும். அலையின் மேட்டில் இருக்கும்போது மட்டும் தலையைத் தூக்கி, பாதை காட்டும் மிதவையைத் தேடுங்கள், பள்ளத்தில் இருந்து பார்த்தால் தண்ணீர்தான் தெரியும்.

சைக்கிளில் செய்யும் தவறுதான் ஓட்டத்தில் தெரியும். குளிர்ந்த நாளில் எஃப்டிபியில் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) 70 சதவீதம் பிடிக்கும் ஒருவர் புழுக்கத்தில் 62 முதல் 65-ல் நிற்க வேண்டும். மிதிக்கும் திறனை அளக்கும் வாட் மீட்டர் இல்லையென்றால் இதயத் துடிப்புக்கு ஒரு மேல் வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: பயிற்சியில் நான்கு மணி நேரம் வசதியாகப் பிடித்த துடிப்பு எதுவோ அதுதான் வரம்பு. அதே வேகத்தில் துடிப்பு மெல்ல மெல்ல ஏறினால் உள்ளே சூடு சேர்கிறது என்று பொருள், வேகத்தை விட்டுக்கொடுங்கள். சைக்கிளில் 20 நிமிடம் தாமதமானால் போனது 20 நிமிடம்தான். அந்த 20 நிமிடத்தைப் பிடிக்கப்போய் உடம்பைச் சூடாக்கினால் மாரத்தானில் ஒன்றரை மணி நேரம் போகும்.

குடிப்பதும் உண்பதும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முடிக்காமல் போகிறவர்களில் பாதிக் கதை இங்கேதான். முதலில் உங்கள் வியர்வையை அளந்துகொள்ளுங்கள். உடை இல்லாமல் எடை பார்த்து, அந்தப் புழுக்க அறையில் போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்து, துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். 71.0 கிலோ 70.4 ஆகி, நடுவில் 500 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.1 லிட்டர். வயிறு மணிக்கு 700, 800 மில்லியை வசதியாக ஏற்கும். பழக்கினால் ஒரு லிட்டர் வரை போகலாம், அதற்கு மேல் பெரும்பாலானவர்களுக்குக் குலுங்கிக்கொண்டே நிற்கும். ஆகவே வியர்வை ஒரு லிட்டரைத் தாண்டிப் போனால் அதிகம் குடிப்பது தீர்வில்லை, வேகத்தைக் குறைத்து வியர்வையைக் குறைப்பதுதான் தீர்வு. இதை எத்தனை முறை சொன்னாலும் போட்டி நாளில் எல்லோரும் பாட்டிலைத்தான் தேடுகிறார்கள்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. பயத்தில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல்கள் வீங்கி மோதிரமும் கடிகாரப் பட்டையும் இறுகும், தலைவலி, வாந்தி, அப்புறம் குழப்பம். உயிரையே எடுக்கக்கூடியது இது. வியர்ப்பதைவிட அதிகமாகக் குடிக்கக்கூடாது, போட்டி முடிவில் எடை கூடியிருக்கவே கூடாது. உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு அளவில்லாமல் குடித்தாலும் இது வரும்.

வீட்டில் கலக்க ஒரு அளவு: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, 2 கிராம் உப்பு, அரை எலுமிச்சை. 2 கிராம் உப்பில் சுமார் 780 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும், நம்மில் பெரும்பாலோருக்கு அது போதுமான தொடக்கம். சட்டையில் வெள்ளைத் தடம் அதிகம் படிகிறவர்கள் 3 கிராம் வரை போகலாம். கண்மதிப்பில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மணிக்கு 800 மில்லி குடித்தால் 48 கிராம் மாவுச்சத்து வந்துவிடும், மீதி 15, 20 கிராமுக்கு ஒரு ஜெல்லோ (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) ஒரு வாழைப்பழமோ. மணிக்கு 60 முதல் 70 கிராம் உங்கள் இலக்கு. நேரே அங்கே போகாதீர்கள், 40-ல் தொடங்கி எட்டு வாரத்தில் ஏற்றுங்கள், குடலும் தசை மாதிரியே பழக்கத்தால்தான் திறன் பெறும். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை மட்டும் நம்பிப் போகிறவர்கள் உண்டு. உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், வயிற்றுப்போக்குக்காகச் செய்தது. உப்பு நிறைய, எரிபொருள் இல்லை. நம்ம ஊர் மாம்பழக் கூழ் நீண்ட பயிற்சிகளுக்கு அருமையான எரிபொருள், ஆனால் திறந்த பிறகு வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும், போட்டிக்கு வேண்டாம். அதேபோல் களி வாரம் முழுக்கச் சாப்பிடுங்கள், கடைசி இரண்டு நாள் மட்டும் நார்ச்சத்தைக் குறைத்து வெள்ளைச் சோறு, இட்லிக்கு வந்துவிடுங்கள். போட்டி அன்று மூன்று மணி நேரம் முன்னால் ஆறு இட்லி, இரண்டு வாழைப்பழம், இனிப்பாக ஒரு டீ போதும். சாம்பார், சட்னி அன்றைக்கு மட்டும் தொடாதீர்கள்.

குமட்டல் வந்துவிட்டால் கணக்கை விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வேகத்தைப் பாதியாக்கி, தலை, கழுத்து, முன்கைகளில் தண்ணீர் ஊற்றி, வாய் நனையும் அளவு மட்டும் குடியுங்கள். சூட்டில் ரத்தம் தோலுக்கு ஓடிவிடுவதால் வயிறு வேலை செய்வதில்லை, ரத்தம் திரும்பினால் வயிறும் திரும்பும். அதன் பிறகு நீர்த்த கோலாவில் தொடங்கலாம்.

ஓட்டத்தில் முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நடை 9:15-ல் இருக்காது. வழியில் தண்ணீரும் உணவும் தரும் ஏய்ட் ஸ்டேஷனில் ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள்ளும் நெஞ்சுப் பக்கம் உடைக்குள்ளும் போடுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது முன்னால் நன்றாகக் குனிந்து ஊற்றுங்கள். நிமிர்ந்து நின்று ஊற்றினால் அது முதுகு, தொடை வழியாக இறங்கி ஷூவுக்குள் போகும், பதினைந்து கிலோமீட்டருக்குள் பாதத் தோல் வெளுத்து ஊறி, மடிப்பு விழுந்து, கொப்புளம் கிளம்பிவிடும். மழை பெய்தாலும் இதே பிரச்சினைதான். இரண்டாவது மாற்றத்தில் ஒரு ஜோடி, ஸ்பெஷல் நீட்ஸ் பையில் (பாதி வழியில் எடுத்துக்கொள்ள முன்பே கொடுத்துவைக்கும் பை) ஒரு ஜோடி உலர்ந்த காலுறையை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். மாற்றும்போது பாதத்தைத் துடைத்து வாசலின் தடவ இரண்டு நிமிடம் செலவானாலும் லாபம்.

மழையில் சைக்கிள் ஓட்ட மூன்று விஷயம் போதும். டயர் 28 மில்லிமீட்டர், வழக்கமான காற்றைவிட 5 முதல் 8 பிஎஸ்ஐ குறைவு. வளைவுக்கு முன்பே பிரேக், வளைவுக்குள் பிரேக் கிடையாது. வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்து இணைப்பு இவற்றின் மேல் சைக்கிளைச் சாய்க்கக் கூடாது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் சக்கரத்தின் முதல் ஒரு சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான் போகும், முன்கூட்டியே லேசாகத் தொட்டுவிட்டுப் பிறகு அழுத்துங்கள். ஈரத்தில் கண்ணாடிச் சில்லு டயரில் ஒட்டி உள்ளே இறங்கும், பஞ்சர் அதிகம். இரண்டு ட்யூப் எடுத்துப் போங்கள், ஈரக் கையால் ட்யூப் மாற்றி வீட்டிலேயே பழகுங்கள். எதிர்க்காற்றுக்கு நம்ம ஆடிக்காற்றைவிட நல்ல பயிற்சி கிடையாது, ஆடியில் நீண்ட ரைடைக் காற்றுக்கு எதிராகத் தொடங்கும்படி திசை வைத்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயில் மட்டும் இறக்கப் பயிற்சி வேண்டாம், பிரேக் பிடிக்காத லாரிக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுச் சாலை ஏற்றங்களுக்கு அருமை, ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடம். நன்றாக விடிந்த பிறகு போய், மாலைக்கு முன் காட்டைத் தாண்டிவிடுங்கள்.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தசைப்பிடிப்பு உப்புக் குறைவால்தான் வருகிறது என்பது நிரூபணமாகவில்லை. களைத்த தசையின் நரம்புக் கட்டுப்பாடு தடுமாறுவதே முக்கியக் காரணம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உப்பு மாத்திரை சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. பிடித்தால் நின்று மெதுவாக நீட்டுவது மட்டும் எல்லோருக்கும் உதவும். தொடங்கும் முன் ஐஸ் கூழ் குடிப்பது ஆய்வகத்தில் ஒரு மணி நேரப் போட்டிகளுக்குப் பலன் காட்டியிருக்கிறது, 16 மணி நேரப் போட்டிக்கு அது எவ்வளவு நிற்கும் என்பது சந்தேகம். வலி மாத்திரை விஷயத்தில் சந்தேகமே இல்லை: ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் போன்றவற்றைப் போட்டியிலும் முந்தைய நாளிலும் தொடாதீர்கள், நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உங்கள் இதயத்தைப் பற்றி எழுத்தில் என்னால் எதுவும் சொல்ல முடியாது. ட்ரையத்லான் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில், நடுவயது ஆண்களுக்கு நேர்கிறது, பலருக்கு வெளியே தெரியாத இதயக் கோளாறு இருந்திருக்கிறது. 41 வயதில் இசிஜி, எக்கோ, ட்ரெட்மில் மூன்றையும் இப்போதே ஒரு இதய மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நீச்சலில் உழைப்புக்குச் சம்பந்தமில்லாத மூச்சுத்திணறலோ, இருமலோடு நுரையோ வந்தால் கையைத் தூக்கிப் படகைக் கூப்பிடுங்கள், சமாளித்துப் பார்ப்போம் என்று நீந்தாதீர்கள். போட்டிக்கு முந்தைய வாரம் காய்ச்சல் வந்திருந்தால் தொடங்காதீர்கள்.

உங்களோடு வருபவருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். நீங்கள் பேச்சு குழறினாலோ, ஊர் பேர் தெரியாமல் விழித்தாலோ, காரணமில்லாமல் சண்டை போட்டாலோ அது வெப்பத்தாக்கு. தோல் நனைந்திருந்தாலும், வியர்வை கொட்டினாலும் அதுதான். நெற்றியில் வைக்கும் தெர்மாமீட்டர் 38 காட்டினாலும் நம்பக்கூடாது. உடனே மருத்துவக் கூடாரம், ஐஸ் தண்ணீர்த் தொட்டி. தொட்டி இல்லையென்றால் ஐஸில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு நிமிடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. அரை மணி நேரத்துக்குள் உடம்புச் சூடு இறங்கினால் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைக்கிறார்கள். அந்த நிலையில் "எனக்கு ஒன்றுமில்லை, ஓடிவிடுவேன்" என்று நீங்கள் சொன்னால் கேட்கக்கூடாது என்பதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.